மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வாசலக்காவுக்கு அந்தக் குளிர்பதனக் கிடங்கில் என்ன வேலை என்று கேட்டால், உள்ளே போகாமல் இருப்பதுதான் என்று சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது சிரிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

மேல்தளத்தில் பழமும் மீனும் மருந்துப் பெட்டிகளும் அடுக்கடுக்காகக் கிடக்கும். அவற்றைக் குளிரில் வைத்திருக்கும் மெஷின்கள் கீழே, பாதி மண்ணுக்குள் இறங்கிய ஓர் அறையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். இரும்புக் கதவைத் திறந்தால் எட்டுப் படி. கதவுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு சுவர்க்கடிகாரம், வாசலக்கா. மெக்கானிக் யாராவது கீழே இறங்கினால், அவர் ஏறி வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கைபேசியை எடுக்கக் கூடாது, பாத்ரூம் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டூலிலிருந்து பார்த்தால் கடைசிப் படியும் அதையடுத்து நாலடித் தரையும் தெரியும். மற்றதைக் குழாய்கள் மறைத்துவிடும். அதனால் பெரும்பாலும் காதால்தான் காவல். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

குளிர வைப்பதற்காகக் குழாய்க்குள் ஓடுகிற அந்த கேஸைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு மேலே ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் பல பேருக்குத் தெரியாது. அதற்கு நிறம் கிடையாது, சொல்லிக்கொள்கிற மாதிரி வாசனையும் கிடையாது. விஷம் என்று சொன்னாலாவது மனுஷன் பயப்படுவான். இதை அப்படியும் சொல்ல முடியாது, சாது. ஆனால் காற்றைவிடக் கனம். கசிந்தால் காற்றை மேலே தள்ளிவிட்டுத் தண்ணீர் மாதிரி தரையில் தேங்கிவிடும். நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து வேலை பார்க்கிறவன் இழுக்கிற மூச்சில் காற்றே இருக்காது. திரவமாகக் கையில் பட்டால் தோல் வெளுத்துத் தீப்பட்ட மாதிரி ஆகிவிடும். நெருப்புப் பக்கத்தில் போனால்தான் அதன் சாதுத்தனம் கலையும். தொண்டையையும் கண்ணையும் அரிக்கிற நிஜ விஷமாக மாறிவிடும். அதனால் குழாயை முழுக்கக் காலி செய்யாமல் அங்கே யாரும் பற்றவைக்கிற டார்ச்சைக் கையில் எடுக்கக் கூடாது. குளிர் நாட்களில் சிலிண்டரிலிருந்து கேஸ் வர மறுக்கும். வேறு இடங்களில் அடியில் தீ காட்டுகிற மகானுபாவர்களும் உண்டாம். இங்கே ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைப்பார்கள். அந்தத் தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது வாசலக்காவின் வேலை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு இருந்தால் போதும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகி எட்டே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்த அவளுக்கு அந்தச் சூடு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தம்பியைக் குளிப்பாட்டியவள் அவள்தான்.

தம்பி அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். தூக்கி வளர்த்து, படிக்க வைத்து, கடைசியில் இதே கிடங்கில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அம்மா, தம்பி, தம்பி மனைவி, இவள் என்று நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். திரும்பி வந்த பெண்ணுக்கு அந்த வீட்டில் ஓர் இடம் இருந்தது என்றால், தம்பியைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால்தான். அம்மா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

கீழே இருப்பவனிடம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாசலில் இருப்பவள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கீழே இருப்பவன் அதோடு மூன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் வெறுமனே பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம், உள்ளே இருப்பவர் "ம்" என்பாராம். ஒருநாள் ஒரு பெரியவர் ஆறு தடவை "ம்" சொன்னார். ஏழாவது தடவை சொல்லவில்லை. போய்ப் பார்த்தபோது அவர் நான்காவது "ம்"முக்கே தரையில் விழுந்துவிட்டிருந்தார் என்று தெரிந்தது. மூச்சு குறையும்போது முதலில் போவது புத்திதான், தொண்டை கடைசிவரை பழக்கத்தில் முனகும். அன்றிலிருந்துதான் கூட்டல். பதில் தப்பாக வந்தால் இன்னொரு வாய்ப்பு. அதுவும் தப்பினால் போட்டது போட்டபடி மேலே ஏறி வந்துவிட வேண்டும்.

மற்ற மெக்கானிக்குகள் ஒழுங்காகக் கூட்டினார்கள். தம்பிதான் அடங்கமாட்டான். அவள் "நாப்பத்தொம்பது" என்றால், "என்னக்கா, உன் வயசை ஊருக்கே கேக்கிற மாதிரி கத்துற" என்பான். சில நாள் வேண்டுமென்றே ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்வான், அவள் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம் கேட்டதும் சரியான பதிலைச் சொல்லிச் சிரிப்பான். விதிப்படி அதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருநாள்கூட எழுதவில்லை. வீட்டுக்கு வந்து திட்டுவதோடு சரி.

இன்னொன்றையும் அவள் எழுதிக் கொடுக்கவில்லை. கீழே சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கேஸ் கசிந்தால் அலறுகிற ஒரு கருவி இருந்தது. காலையில் தரை கழுவும்போது தண்ணீர் தெறித்தாலும் அது அலறும். உடனே எல்லாரும் வெளியே வர வேண்டும், மெஷினை நிறுத்த வேண்டும், அவள் மூன்று பிரதியில் அறிக்கை எழுத வேண்டும். ஒரே வாரத்தில் நாலு தடவை அப்படி ஆனது. ஐந்தாம் நாள் தம்பி அதைக் கழற்றி, தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து, தலைக்கு மேலே மாட்டினான். ஏறி நின்று மாட்ட ஸ்டூல் வேண்டியிருந்தது. மெஷின் ஓடாத நேரம் என்பதால் இவளும் கீழே இறங்கி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கனமான கேஸ் கீழேதான் தேங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்கள் இருவரும். ஆனாலும் செய்தார்கள். அலுத்துப்போன மனுஷருக்கு வேறெதையும்விட அமைதிதான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் அந்தக் கருவி அலறவே இல்லை. அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஆறாவது வாரம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கேஸைச் சேர்த்துவைக்கிற தொட்டியின் அடி வால்வில் எண்ணெய் கசிகிறது என்று தம்பி கீழே இறங்கினான். எண்ணெய் கசிகிற இடத்தில் கேஸும் கசியும் என்பது தெரிந்த விஷயம்தான். அதைத் தேடத்தான் சோப்பு நுரையும் ஸ்பேனரும் எடுத்துப் போனான். அவள் எண்ணைச் சொன்னாள், அவன் மூன்றைக் கூட்டினான். நாலு தடவை சரியாக வந்தது. ஐந்தாவது தடவை "பன்னெண்டு" என்றாள்.

"பதினேழு," என்றான்.

ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தாள். அன்றைக்கு அவளுக்குக் காலையிலிருந்தே தலைவலி. ஸ்டூலைத் தள்ளாமல், உட்கார்ந்தபடியே, "இருவது" என்றாள். கீழேயிருந்து சிரிப்பு வந்தது. எண் வரவில்லை. நீளமான, இளகிய சிரிப்பு. குடித்தவன் சிரிப்பது போல இருந்தது. தம்பிக்குக் குடிப் பழக்கம் கிடையாது.

"மேல வாடா," என்றாள்.

"வரேன், வரேன்," என்று குரல் வந்தது. ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு, பார்வைக்குத் தெரிகிற அந்த நாலடித் தரையில், அவனுடைய இரண்டு பூட்ஸும் பக்கவாட்டில் சாய்ந்து வந்து நின்றன. படி நோக்கி வந்தவன் கடைசிப் படியருகே பின்பக்கமாக விழுந்துவிட்டிருந்தான்.

சிவப்புப் பொத்தானை எப்போது அழுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. அழுத்தியிருக்கிறாள், சைரன் அடித்தது, பெரிய விசிறிகள் கீழே முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தன. மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு இறங்கப் பயிற்சி எடுத்த இரண்டு பேர் முன்வாசல் பக்கம் இருப்பார்கள். அவர்கள் முகமூடி மாட்டி ஓடிவர மூன்று நிமிடம். ஒத்திகைகளில் எப்போதும் மூன்று நிமிடம்தான் ஆகும். அன்றைக்கு நாலு ஆனது.

அந்த நாலு நிமிடமும் தம்பியின் பூட்ஸ் அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. வலது பூட்ஸில் கயிறு அவிழ்ந்திருந்தது. எட்டே படி. ஓடி இறங்கி, காலைப் பிடித்து இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்துவிடலாம் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. அப்படி நினைத்து இறங்கியவர்கள் முதலில் விழுந்தவருக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்த கதைகளை அவள்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். கண்ணுக்குத் தெரியாத குளத்தில் குதிக்கிற கதை. நீச்சல் தெரிந்தும் பிரயோஜனமில்லை. இரண்டு பேர் விழுந்தால் மூச்சுக்கருவிக்காரர்கள் இரண்டு பேரைத் தூக்க வேண்டும், முதலில் விழுந்தவனுக்கு இருக்கிற நேரத்தில் பாதி போய்விடும்.

இதற்குள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஓடி வந்தான். தம்பியின் உயிர் நண்பன், வீட்டில் ஒருவன் மாதிரி. முகமூடி இல்லை, ஒன்றுமில்லை. கோட்டைத் தாண்டி முதல் படியில் கால் வைத்தவனை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் திமிறினான், கெட்ட வார்த்தையில் திட்டினான், உன் தம்பியா என் தம்பியா என்று கேட்டான். சட்டை கிழிந்தது. அவள் விடவில்லை. விசிறிச் சத்தத்தில் கீழே வேறெதுவும் கேட்கவில்லை.

முகமூடிக்காரர்கள் தம்பியை மேலே கொண்டுவந்தபோது முகம் சாம்பல் நிறமாக இருந்தது. திறந்த வெளியில் படுக்க வைத்து மூச்சு ஊதி, ஆக்சிஜன் வைத்ததும் இருமினான், உடனே எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் நெஞ்சில் கை வைத்து அழுத்தி, எழ விடாதீர்கள், நடக்க விடாதீர்கள் என்றாள். அந்த கேஸ் உள்ளே போன உடம்பில் இதயம் தாளம் தப்பக் காத்திருக்கும், பதற்றமும் ஓட்டமும் ஆகாது. கதவின் பின்னால் ஒட்டியிருந்த கேஸ் விவரத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஆம்புலன்சில் ஏறினாள். இதயத்தை விரட்டுகிற ஊசி போடுவதென்றால் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள் என்று டாக்டரின் கையில் அதைத் திணித்தாள். டாக்டர் நின்று படித்தார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் கண் தெளிந்து பேசினான், என்ன நடந்தது என்று அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை. அதற்குள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் ஆஸ்பத்திரி நடையில் வைத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான். அவன் பொய் சொல்லவில்லை. "நான் எறங்கப் போனேம்மா, அக்காதான் சட்டையைப் புடிச்சு இழுத்துட்டாங்க" என்றுதான் சொன்னான்.

அம்மா அவளைத் தேடி வந்தாள். சத்தம் போடவில்லை.

"கண்ணு முன்னால கெடக்கிறான். எட்டே படி. எப்படிடி நின்ன?"

விதி, கனம், மூச்சு என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா கேட்டது அதையல்ல. எப்படி நின்றேன் என்று அவளுக்கே விளங்கவில்லை. தவிர, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இப்போது எந்த வாயால் பேசுவது.

விசாரணை வைத்தார்கள். கருவி ஏன் அலறவில்லை என்று கேட்டபோது, தம்பி மாட்டினான், நான் ஸ்டூல் பிடித்துக்கொண்டேன் என்று இரண்டையும் சொன்னாள். கருவியை மறுபடி கீழே இறக்கினார்கள், தண்ணீர் தெறிக்காமல் ஒரு தகரத் தடுப்பும் வைத்தார்கள். அரை மணி நேர வேலை. முதலிலேயே யாருக்காவது தோன்றியிருக்கலாம். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இதயம் அவ்வப்போது தாளம் தப்புகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததாலும், இந்தக் கடிதத்தாலும், தம்பியை மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காப்பாற்றவும் இல்லை, காட்டியும் கொடுத்துவிட்டாள் என்று வீட்டில் ஆனது.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசவே இல்லை. அவள் வேலை முடிந்து வரும்போது சாப்பாடு தட்டில் போட்டு இன்னொரு தட்டால் மூடி வைத்திருக்கும். மற்ற மூவரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தம்பி மனைவி அவள் குளியலறையிலிருந்து வெளியே வரும்வரை தன் அறைக் கதவைத் திறக்கமாட்டாள். தம்பி மட்டும் எப்போதாவது "என்னக்கா" என்பான். அவனுக்கும் அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்து டிவி பார்க்கிறான், அதற்காகவே தன்னை எல்லாரும் வெறுக்கிறார்கள் என்பதை நினைத்தால் அவளுக்குச் சில நேரம் சிரிப்பு வரும். பெரும்பாலும் தூக்கம்தான் வரும். ஒருமுறை மார்க்கெட்டில் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் மனைவி எதிரே வந்தாள். இவள் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனாள். அதை வீட்டில் யாரிடம் சொல்வது.

இடது தோள் வேறு படுத்தியது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிவைத்தாள். யாரும் கேட்காததற்கு அவளாகவே சொன்ன காரணம் அது.

பத்து மாதம் கழித்து தம்பிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். கிடங்கின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய பகுதிக்கும் ஒரு மெஷின் ரூம் உண்டு. அதன் வாசலில் ஒரு ஸ்டூல், ஒரு பொத்தான், ஒரு மஞ்சள் கோடு. எட்டுக்குப் பதிலாக ஆறு படி. எண் சொல்லிக் கூப்பிட அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அது நடந்தது அவன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த மூன்றாவது மாதத்தில். அன்று சாயங்காலம் வாசலக்கா வீட்டுப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பால்கனி வாசலுக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது. அம்மா பயந்துபோய், நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

மதியம் கீழே ஒரு மெக்கானிக் இறங்கினானாம், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன். முப்பதுக்கு நாற்பது என்றானாம். அடுத்ததற்குப் பதிலே இல்லையாம். இவன் பொத்தானை அழுத்தினானாம். கருவியும் அலறியதாம். இரண்டரை நிமிடத்தில் ஆட்கள் வந்து தூக்கிவிட்டார்கள், அவனுக்கு ஒன்றுமில்லை, லேசான மயக்கம், எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். இதையெல்லாம் தம்பி அம்மாவைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டே வந்தான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான்.

"அவன் யாருன்னே எனக்குச் சரியாத் தெரியாது. பேசினதுகூடக் கெடையாது. அந்த ரெண்டரை நிமிஷம் என்னால முடியலக்கா." நிலையைப் பிடித்த கையை அவன் எடுக்கவில்லை. "அங்க கெடந்தது நானு. எப்படிக்கா நின்ன?"

உள்ளே பட்டாணி உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

வாசலக்கா கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணிதான்.

"நான் எங்கடா நின்னேன். கதவுக் கைப்பிடிக்குள்ள எடது கையை விட்டு முழங்கை வரைக்கும் மாட்டிக்கிட்டேன். காலு ரெண்டு தடவை கோட்டைத் தாண்டிருச்சு. எறங்கத்தான் பாத்தேன். கை வரமாட்டேன்னுருச்சு. தோள்ல ஏதோ கிழிஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்பவும் வரல."

சொல்லிவிட்டு, கொடியில் போடத் துணியைத் தூக்கினாள். பாதி உயரத்துக்கு மேல் கை போகவில்லை. வலது கைக்கு மாற்றிக்கொள்ளப் பார்த்தாள்.

அம்மா எழுந்து பால்கனிக்கு வந்தாள். மகளின் இடது தோளைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த துணியை வாங்கி, உதறி, கொடியில் போட்டாள். வாளியிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.